மறைவிடத் தோல் வறட்சி: தொழில், உடை, உணவு சார்ந்த மருத்துவ வரலாறு – வானூர், மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆண்களின் விதைப்பை, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் உலர்ந்து, செதிலாகி, வெடிக்கும் நிலை துப்புரவுக் குறைவின் விளைவாகவோ ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகவோ பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. அந்நிலையின் காரணங்களை மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு இக்கருத்துக்கு மாறானது. புகைபோக்கி துடைத்த சிறுவர், சிறைக் கைதிகள், போர்க் கைதிகள் எனத் தம் உடலைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்துக்கொள்ள இயலாதவர்களிடமே அக்காரணங்கள் கண்டறியப்பட்டன. அவை தொழிலும் உடையும் உணவுமாக இருந்தன. விழுப்புரம் மாவட்டத்து வானூர், மரக்காணம் வட்டங்களின் உப்பளக் கடற்கரையை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உப்பளத் தொழிலாளர், மறைவிடத் தோல், ரைபோஃபிளேவின், படர்தாமரை, கோவணம், தொழில்சார் நோய், மரக்காணம், வானூர்

நிலமும் உப்பும்

வானூருக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்து கழுவெளிச் சதுப்பில் இறங்குகிறது. வானூர், மரக்காணம் ஆகிய இரு வட்டங்களிலும் பரவிக் கிடக்கும் இச்சதுப்பு, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு கலக்கிறது. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சதுப்பின் வடகிழக்கில் மரக்காணத்து உப்பளங்கள் தொடங்குகின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்துத் தமிழகத்தின் குறிப்பிடத்தக்க உப்பு விளைநிலம் இதுவே. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வணிகரான உமணரைச் சங்கப் பாடல்கள் நெய்தல் நிலத்தோடு இணைத்துப் பேசுகின்றன. இவ்வூரின் பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாக மரக்காணம் அமைந்தது. கடற்கரை உப்பு அக்கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குச் சென்றது.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1805-இல் சென்னை மாகாணத்தின் உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். 1889-இல் சென்னை உப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர் உப்பு விளைந்த அளவு, தேங்கிய அளவு, கள்ளத்தனமாக எடுக்கப்பட்ட அளவு, விதிக்கப்பட்ட தண்டம் ஆகிய அனைத்தும் கணக்கில் ஏறின. உப்பை வாரியவனின் தோல் அக்கணக்கில் ஏறும் பொருளன்று. 1930-இல் இராசாசி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோதும் உப்பின் மீதான வரியே வழக்காயிற்று. விடுதலை இயக்கம் உப்பை உண்பவனின் பக்கம் நின்று பேசியது. உப்பு விளைவித்தவனின் உடல் அப்பேச்சில் இடம்பெற்றது மிகக் குறைவு.

தொழிலின் இயல்பை இங்குச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். கழி நீரோ நிலத்தடி உவர்நீரோ பாத்திகளில் தேக்கப்பட்டு, வெயிலால் படிப்படியாகச் செறிவேற்றப்படுகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்புள்ள கடல்நீர், உப்பு படியும் நிலையில் நூற்றுக்கு 25 பங்கையும் கடந்த செறிநீராகிறது. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீடிக்கும். பாத்தியை மிதித்து இறுக்குதல், மேலே படியும் ஏட்டைக் கலைத்தல், நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாருதல், வாரியதைச் சுமந்து மேட்டில் குவித்தல் ஆகிய அனைத்தும் செறிநீரில் நின்றே செய்யப்படுவன. கால் வெடிப்பதும் கண் கூசுவதும் வெளிப்படையாகத் தெரியும் துன்பங்கள். இராசத்தான் உப்பளத் தொழிலாளரிடம் மேற்கொள்ளப்பட்ட மருத்துவ ஆய்வுகளும் கண் நோய்க் குறிகளும் தோல் நோய்க் குறிகளும் பரவலாக இருந்தமையைப் பதிவு செய்துள்ளன.

இடுப்புத் துணியின் கீழ் நிகழ்வது இத்தகைய வெளிப்படையான துன்பம் அன்று. வாரும்போது தெறிக்கும் நீர் துணியை நனைக்கிறது. வெயில் அதனை உலர்த்துகிறது. நீர் நீங்க, உப்புப் பரல்கள் நூலிழைகளில் தங்குகின்றன. நடக்கும்தோறும் அத்துணி தொடையிடுக்கில் உராய்கிறது. செறிநீர் தோலின் மேலடுக்கில் உள்ள ஈரத்தை ஈர்க்க, பரல்கள் அவ்வடுக்கைத் தேய்க்க, வேர்வை அதனை ஊறவைக்க, இம்மூன்றும் ஒரே இடத்தில் மாறி மாறி நிகழ்கின்றன. உப்பளத்தில் நன்னீர் அரிது. அதனால் உடலைக் கழுவுதல் வீடு திரும்பும்வரை தள்ளிப்போகிறது.

தோலின் தனித்தன்மை

விதைப்பைத் தோல் உடலின் பிற தோலைப் போன்றதன்று. அதன் மேலடுக்கு மெல்லியது. கீழே கொழுப்புப் படலம் இல்லை. அதனிடத்தில் மென்தசைப் படலம் ஒன்று அமைந்து, குளிரில் சுருங்கியும் வெம்மையில் தளர்ந்தும் விரைகளின் வெப்பத்தைச் சீர்செய்கிறது. சுருக்கங்கள் மிகுந்திருத்தலால் வேர்வையும் அழுக்கும் எளிதில் தங்குகின்றன. இத்தோலின் ஊடுருவல் தன்மையை 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் ஆகிய இருவரும் அளந்தனர். முன்கையின் உட்புறத்தில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் உட்புகும் அளவை ஒன்றெனக் கொண்டால், விதைப்பையில் அது 42 மடங்காக இருந்தது. தடவிய மருந்து மிகுதியாக உட்புகும் இடத்தில் தடவிய நஞ்சும் மிகுதியாகவே உட்புகும். இவ்விடத்தின் நோய் வரலாறு முழுவதையும் இந்த ஓர் எண்ணைக் கொண்டு விளங்கிக்கொள்ள இயலும்.

பெயரிடலும் பழியிடலும்

தமிழில் இவ்வுறுப்புப் பகுதிக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. அரை, அரையிடுக்கு, கவட்டை, தொடையிடுக்கு, விதைப்பை, பீசம் எனச் சொற்கள் பலவாக உள்ளன. அரையில் கட்டுவது அரைஞாண். சித்த மருத்துவ மரபு பதினெண் குட்டம் எனத் தோல் நோய்களை வகுத்தது. படை, கரப்பான், சொறி, சிரங்கு, படர்தாமரை ஆகிய பெயர்கள் மக்கள் வழக்கிலும் நிலைத்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை உடற்கூற்று நூல்களையும் அறுவை மருத்துவ நூல்களையும் தமிழில் பெயர்த்து வெளியிட்டார். அவருடைய 'இரணவைத்தியம்' 1867-இல் வெளிவந்தது. ஆகவே, இவ்வுறுப்புகளைப் பற்றி எழுத்தில் பேசத் தமிழால் இயலாது என்னும் கூற்று பொருந்தாது. 'மறைவிடம்' என்னும் இடக்கரடக்கல் ஒன்றே போதும் என்ற மனநிலை பெரிதும் அண்மைக்காலத்தது. பாடநூல்களும் இதழ்களும் அதனை வளர்த்தன.

பெயர் இருந்தும் காரணம் திரிந்து வழங்கியதற்கு ஆங்கிலேயப் படையினரிடையே பரவிய 'டோபி இட்ச்' என்னும் சொல் தக்க சான்றாகும். தொடையிடுக்கில் பரவும் படர்தாமரையை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். சலவைத் தொழிலாளர் துவைத்துத் தரும் துணியின் வழியே அந்நோய் வருகிறது என்பது அவர்தம் நம்பிக்கை. உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வேகவைத்த துணியில் இப்பூஞ்சை பிழைத்திருத்தல் அரிது. இறுகிய கால்சட்டை, நனைந்த உள்ளாடை, வெப்பநிலத்து வேர்வை ஆகியவற்றை விட்டுவிட்டு, துணியைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தவர் மீது பழி ஏற்றப்பட்டது. அச்சொல் மருத்துவ நூல்களிலும் நுழைந்து நெடுங்காலம் தங்கியது. நோய்க்குக் காரணமான பூஞ்சைகளை இனம் பிரித்தறியும் பணியில் கொழும்பு சிறப்பிடம் பெறுகிறது. 1903 முதல் 1915 வரை இலங்கையில் பணியாற்றிய அல்டோ காஸ்டெல்லானி, இன்று டிரைகோஃபைட்டான் ரூப்ரம் என வழங்கும் பூஞ்சையை 1910-இல் விளக்கியுரைத்தார். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் தோல் பூஞ்சைகளுள் அதுவும் ஒன்று.

பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து பெறப்பட்டு, பம்பாய்க் கடைகளில் 'கோவாப் பொடி' என்னும் பெயரில் விற்ற மருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படர்தாமரைக்குப் பெரிதும் நாடப்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கு வேரூன்றிய சீமையகத்தியும் அதனோடு உறவுடைய வேதிப்பொருளைக் கொண்டது. 'வண்டுகொல்லி' என்னும் அதன் மற்றொரு பெயர், படைக்கு அதன் இலைச்சாற்றைப் பூசும் பழக்கத்தோடு பொருந்துகிறது. இவ்விரண்டும் படரும் பூஞ்சையைத் தடுக்கக் கூடியன. ஆயினும் மென்தோலை எரிக்கக் கூடியனவும் ஆகும். வெறும் வறட்சியைப் படை எனக் கொண்டு இவற்றைப் பூசியவருக்கு நோய் வளர்ந்ததேயன்றித் தணிந்திராது.

புகைக்கரியும் கோவணமும்

தொழிலால் விதைப்பைத் தோல் கெடும் என்பதை முதன்முதலில் நிறுவியவர் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். புகைபோக்கிகளில் ஏறிக் கரி துடைத்த சிறுவர்கள் வளர்ந்த பின் விதைப்பையில் புண்கட்டி தோன்றி இறந்தனர். அதனை மேகநோய் எனக் கருதி இரசம் கொடுப்பது அக்கால வழக்கம். சுருக்கங்களில் தங்கிய புகைக்கரியே காரணம் எனப் பாட் 1775-இல் எழுதினார். ஒரு குறிப்பிட்ட தொழிலே ஒரு புற்றுநோய்க்குக் காரணம் என எடுத்துரைத்த முதல் கூற்று அதுவே. ஒழுக்கத்தின் மீது சுமத்தப்பட்ட நோய், தொழிலின் கணக்குக்கு மாற்றப்பட்டது. இதற்காகவே அந்நூல் நினைக்கப்படுதல் தகும்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹென்றி பட்லின் அடுத்த வினாவை எழுப்பினார். கரி எல்லா நாட்டிலும் உண்டு. பிற ஐரோப்பிய நாடுகளின் புகைபோக்கித் தொழிலாளருக்கு இந்நோய் அரிதாக இருப்பது ஏன்? 1892-இல் அவர் தந்த விடை உடையையும் குளியலையும் பற்றியது. அந்நாடுகளின் தொழிலாளர் உடலை நெருக்கமாக மூடும் காப்பு உடை அணிந்தனர், நாள்தோறும் கழுவினர். இங்கிலாந்தில் இவ்விரண்டும் இல்லை. ஆங்கிலேயரின் தூய்மைப் பெருமிதத்துக்கு இது கசப்பான விடையாகவே இருந்திருக்கும்.

இவ்விடையைக் கோவணத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தல் பயனுடையது. நீரிலும் சேற்றிலும் நின்று உழைக்கும் தமிழ்நாட்டு ஆடவரின் உடையாகக் கோவணமும் சிறுதுண்டும் நெடுங்காலம் இருந்தன. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியபோது, அவர் மேற்கொண்டது அத்தகைய உழைப்பாளரின் உடையையே. மருத்துவ நோக்கில் கோவணத்துக்கு இரு முகங்கள் உண்டு. அது காற்றோட்டம் உடையது; எளிதில் அலசி உலர்த்தத் தக்கது. இவை நன்மைகள். ஒரே துணி நாள் முழுவதும் செறிநீரில் நனைந்து காய்ந்து உராய்வது தீமை. பிற்காலத்தில் வந்த இறுகிய செயற்கையிழை உள்ளாடையும் முழுநீளக் கால்சட்டையும் தெறிப்பைத் தடுத்தன எனினும் வேர்வையை அடைத்தன. இன்று மரக்காணத்துப் பாத்திகளில் கைலியும் அரைக்காற்சட்டையும் கலந்தே காணப்படுகின்றன. எவ்வுடையாயினும் அலச நன்னீரும் மாற்ற மறைவிடமும் இல்லையெனின் வேறுபாடு சிறிதே.

சோறும் தோலும்

வெளியிலிருந்து வரும் காரணங்களோடு இவ்வரலாறு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கரியோ உப்போ பூஞ்சையோ தொடாமலும் விதைப்பைத் தோல் உலர்ந்து, சிவந்து, தவிட்டுச் செதில்களாக உதிர்வதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அதன் வேர் உணவுத் தட்டில் கண்டறியப்பட்டது. அரிசி உண்ணும் மக்களுக்கு இப்பகுதி நெருங்கிய தொடர்புடையது.

ஆப்பிரிக்காவின் நியாசாலாந்தில் பணியாற்றிய மருத்துவர் ஸ்டானஸ், 1910-களின் தொடக்கத்தில் வாய்க்கடைப் புண்ணும் விதைப்பைத் தோலழற்சியும் சேர்ந்து வருவதைக் குறித்தார். 1935-இல் மலாயாவில் லண்டோர், பாலிஸ்டர் ஆகிய மருத்துவர்கள் சிறைக் கைதிகளிடம் அதே இணையைக் கண்டனர். வாய்க்கடை வெடிக்கிறது, நாக்கு புண்ணாகிறது, விதைப்பை அரித்து உரிகிறது. நொதிமம் நிறைந்த உணவைக் கொடுத்தபோது இம்மூன்றும் தணிந்தன. அரிசியை முதன்மையாகக் கொண்ட சிறை உணவில் உயிர்ச்சத்து பி2 தொகுதி குறைந்ததே காரணம் என அவர்கள் முடிவு செய்தனர். சிறை மருத்துவர் கைதியின் உடல் முழுவதையும் நோக்க இயலும்; கைதிக்கு மறுக்கும் உரிமை இல்லை. இக்கண்டறிதல் சிறையில் நிகழ்ந்தமைக்கு உணவோடு இப்பார்வையும் காரணம்.

இதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய உணவாய்வுக் கூடத்துக்கு டபிள்யூ. ஆர். ஆக்ராய்டு இயக்குநரானார். அவரும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936-இல் தென்னிந்தியச் சிறார்களின் வாய்க்கடைப் புண்ணை பி2 குறைபாட்டோடு தொடர்புபடுத்தி எழுதினர். பள்ளிச் சிறுவரிடம் மருத்துவர் பார்க்கக் கூடியது வாய். ஆகவே, ஒரே குறைபாடு சிறையில் இருமுனை நோயாகவும் பள்ளியில் வாய் நோயாகவும் எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1938-இல் செப்ரல், பட்லர் இருவரும் ரைபோஃபிளேவின் இல்லாத உணவைக் கொடுத்து ஆய்ந்தபோது உதடும் வாய்க்கடையும் வெடித்தன. ஆய்வுக்கு உட்பட்ட 18 பேரும் பெண்கள். எனவே விதைப்பை நோய் அவ்வாய்வில் தோன்ற வழியே இல்லை. ஆடவரைக் கொண்டு எல்ஜின் மனநல மருத்துவமனையில் ஹார்விட் குழுவினர் நடத்திய ஆய்வு 1949-இல் வெளிவந்தபோதுதான், ரைபோஃபிளேவின் குறைந்தால் விதைப்பைத் தோல் கெடும் என்பது நேரடிச் சோதனையால் உறுதியாயிற்று. மனநல விடுதியில் இருந்தோரைக் கொண்டு நடத்தப்பட்ட அத்தகைய ஆய்வு இன்றைய அறநெறிக் குழு எதனாலும் ஏற்கப்படாது.

இவ்விரு ஆய்வுகளுக்கு இடையே சிங்கப்பூரில் ஒரு கொடிய சோதனை தானாகவே நடந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று நகரம் சப்பானியரிடம் வீழ்ந்தது. சாங்கியில் அடைக்கப்பட்ட பல்லாயிரம் பிரித்தானிய, ஆத்திரேலியப் படையினர் திடீரெனத் தீட்டிய அரிசி உணவுக்கு மாறினர். சில மாதங்களுக்குள் விதைப்பை எரிச்சலும் உரிதலும் முகாமெங்கும் பரவின. படையினர் அதற்குச் 'சாங்கி பால்ஸ்' எனக் கசப்பான கேலிப்பெயர் சூட்டினர். முகாம் மருத்துவர்கள் முதலில் பூஞ்சை எனக் கருதிப் பூச்சு மருந்துகளைக் கையாண்டனர். அவை எரித்தனவேயன்றி ஆற்றவில்லை. பின்னர் தவிடும் நொதிமமும் புல்லை அரைத்து வடித்த சாறும் மருந்தாயின. பசும்புல்லில் உள்ள ரைபோஃபிளேவினைப் பெறுதற்கெனவே முகாமில் புற்சாறு வடிக்கும் அமைப்பு இயங்கியது.

இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர்கள் கைதிகளுள் இருந்த மருத்துவர்கள். சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய மருத்துவர்கள் இல்லை. 1943-இல் 'கே', 'எல்' எனப் பெயரிட்ட இரு சிறு மருத்துவக் குழுக்கள் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, வாந்திபேதியும் புண்களும் ஏற்கெனவே பெரும் உயிர்ப்பலி கொண்டிருந்தன. ஒரே காட்டில் தீட்டிய அரிசியை உண்டு ஒரே பாதையை அமைத்த இரு கூட்டத்தாருள், ஒருவரின் தோல் மருத்துவ இலக்கியமாயிற்று. மற்றவரின் சாவுகூட முழுமையாக எண்ணப்படவில்லை.

தமிழ்நாட்டு உணவுக்கு இவ்வறிவு பொருந்தும் விதம் சற்று நுட்பமானது. நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கல் முறை, தவிட்டிலுள்ள தயமினை அரிசிக்குள் செலுத்துகிறது. பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் காணப்பட்ட பெரிபெரி, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தமைக்கு அதுவே காரணம். தமிழ் நூல்கள் பல இதனைப் பெருமையுடன் எடுத்துரைப்பதுண்டு. ஆனால் ரைபோஃபிளேவினுக்கு இக்காப்பு இல்லை. குன்னூரில் 1937-இல் தொடங்கிய உணவுச்சத்துப் பட்டியல் மரபின் பிற்காலப் பதிப்புகளின்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் ரைபோஃபிளேவின் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம், புழுங்கலிலும் அதே அளவே. கேழ்வரகில் அது 0.19, கம்பில் 0.25. கம்பும் கேழ்வரகும் வரகும் பழைய தென்னார்க்காட்டின் மானாவாரி நிலத்து உணவுகள். ஆலை அரிசி அவற்றின் இடத்தைப் பிடித்தபோது, பாலும் கீரையும் பருப்பும் முட்டையும் கூடாத வீடுகளில் இச்சத்து குறைந்திருத்தல் இயல்பே. உப்பு வேலை இல்லாத மழைமாதங்களில் உணவு மேலும் சுருங்கும். அக்காலத்தில் உவர்நீர் தொடாமலே தோல் உரியுமாயின், வாய்க்கடையையும் நாக்கையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சாங்கி மருத்துவர்கள் பிந்தி உணர்ந்தது இதுவே.

களிம்பின் காலம்

இன்றைய சிக்கல் வேறு வடிவினது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் தொடையிடுக்குப் படர்தாமரை எளிதில் தீராததாக மாறியுள்ளது. வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சை வகையொன்று 2020-இல் தனியினமாக விளக்கப்பட்டபோது, அதற்கு டிரைகோஃபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்டது. நாட்டின் பெயர் ஒரு பூஞ்சையின் பெயரில் ஏறியது. இப்பரவலுக்குக் காரணம் எனத் தோல் மருத்துவர்கள் பெரிதும் சுட்டுவது, மருந்துக் கடைகளில் சீட்டின்றி விற்ற கலவைக் களிம்புகளை. பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகியன ஒரே குழாயில் அடைக்கப்பட்டன. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் நிறுத்துகிறது. பூஞ்சையோ உள்ளே பரவுகிறது. விதைப்பைத் தோலில் அது 42 மடங்கு உட்புகுவதால், தோல் மெலிந்து, நிலையாகச் சிவந்து, களிம்பை நிறுத்தினால் எரியும் நிலை உண்டாகிறது. எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதே களிம்பு பூசப்படுகிறது. தோல் மருத்துவர் சங்கத்தின் நெடிய முறையீட்டுக்குப் பின், மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல 2018-இல் மருத்துவர் சீட்டுக்கு உரியனவாக மாற்றப்பட்டன. விதி மாறினும் கேட்டவுடன் களிம்பு எடுத்துக் கொடுக்கும் கடைவழக்கம் முற்றிலும் மாறிவிடவில்லை. வானூருக்கு அருகிலேயே புதுச்சேரியில் ஜிப்மர் இருந்தும், மறைவிட நோய்க்கு முதலில் நாடப்படுவது கடைக் களிம்பே. அங்கே துணியை நீக்கிக் காட்ட வேண்டியதில்லை என்பதே அதன் ஈர்ப்பு.

பேணும் முறை

காரணம் மூன்றாகப் பிரிவதால் பேணுதலும் அவ்வாறே பிரியும். உவர்நீர், உராய்வு ஆகியவற்றால் வந்த வறட்சிக்கு முதல் மருந்து நன்னீர். வேலை முடிந்தவுடன் அலசி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மடிப்புகளை உலரவிட்டு, உலர்ந்த துணி மாற்றுதல் வேண்டும். காரமிக்க சவுக்காரம் தோலின் இயல்பான அமிலப் படலத்தைக் குலைப்பதால், நாள்தோறும் அதனை இவ்விடத்தில் தேய்த்தல் வறட்சியை வளர்க்கும். உரிந்த செதிலைச் சுரண்டுதலும் அவ்வாறே. கழுவிய பின் மெல்லிய தேங்காயெண்ணெய்ப் பூச்சோ மணமற்ற வாசலினோ ஈரத்தைக் காக்கும். கால் தோலின் வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன்படுவதை 2004-இல் பிலிப்பைன்சில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. வேலைக்கு இறங்குமுன் வாசலின் பூசுதல் தெறிநீருக்கு ஓரளவு தடையாகும். கற்பூரத் தைலம், சாலிசிலிக் களிம்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் ஆகியவற்றை இம்மென்தோல் தாங்காது.

விளிம்பு தடித்து வட்டமாகப் படர்வது பூஞ்சை. அது பெரும்பாலும் தொடையின் உட்புறத்தைப் பற்றி விதைப்பையை விட்டுவைக்கும். இரவில் அரிப்பு மிகுந்து வீட்டார் பலருக்கும் ஒருங்கே வருமாயின் சிரங்குப் பூச்சியை ஐயுறுதல் வேண்டும். ஆண்குறி முனைத்தோல் உலர்ந்து வெடித்து அடிக்கடி புண்ணாவது நீரிழிவின் முதற்குறியாக இருத்தல் கூடும். இரத்தச் சர்க்கரையைப் பார்த்தல் இன்றியமையாதது. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணும் தடிப்பும் கட்டியும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டத் தக்கவை. பாட் கண்ட நோயும் சிறு தடிப்பாகவே தொடங்கியது.

இவ்வறிவுரை அனைத்தும் உப்பளத்தில் நன்னீர் உண்டு என்னும் கருதுகோளின் மேல் நிற்பது. அந்நன்னீர் சட்டப் பொருளாகவும் இருந்துள்ளது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தொழிலாளர் உடலைக் கழுவப் போதிய வசதி வேண்டும் என்றும், ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே மறைப்புடன் அது அமைய வேண்டும் என்றும் விதித்தது. திறந்தவெளி உப்பளம் தொழிற்சாலை ஆகுமா என்னும் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அர்தேஷிர் பிவாண்டிவாலா எதிர் பம்பாய் மாநிலம் என்னும் வழக்கில் 1961-இல் நீதிமன்றம் ஆம் என விடையளித்தது. கட்டடம் இல்லாத நிலமும் தொழிலிடமே, கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்தியே. ஆயினும் அச்சட்டம் மின்விசையுடன் 10 பேர், மின்விசையின்றி 20 பேர் என்னும் எண்ணிக்கையில்தான் தொடங்கியது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்களை முறையே 20, 40 என உயர்த்தியது. சிறு குத்தகைகளாகப் பிரிந்த பாத்திகளில் ஒரு குடும்பமும் கூலிக்கு வந்த நான்கைந்து பேருமே வேலை செய்வர். அவ்விடத்தில் மறைப்புடன் கூடிய ஒரு குழாயடியை அமைக்கும் கடமை எவர் மீதும் விழுவதில்லை.